நாலாம் நம்பர் தகடு

கூடாரம் போட்டுத் தங்கலாம் என்ற யோசனை அவளுடையது அல்ல. அவளைக் கேட்டிருந்தால், நாலு சுவரும் ஒரு தாழ்ப்பாளும் இல்லாத இடத்துக்கு லீவு போட்டுக்கொண்டு போவானேன் என்று ஒரே பேச்சில் முடித்திருப்பாள். அதனால்தான் யாரும் கேட்கவில்லை. அவள் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவனும் மகளும் கணவனுடைய அக்காவும் கூடிப் பேசி, மலைமேல் காட்டுக்கு நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு முகாமில் இடம் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் தகவல் மட்டும் சொன்னார்கள். மூன்று பேர் ஒரு பக்கம், தான் ஒருத்தி ஒரு பக்கம் என்று தெரிந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள். முதலுதவிப் பெட்டியை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவைத்தாள்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினாறு வருஷமாக ஒரே தியேட்டர். டாக்டர்கள் வெட்டுவார்கள், தைப்பார்கள். அவள் எண்ணுவாள். நோயாளியின் வயிற்றுக்குள் போன துணி எத்தனை, வெளியே வந்தது எத்தனை, ஊசி எத்தனை, கத்தரி எத்தனை என்று எண்ணிப் பார்த்து, "கணக்கு சரி" என்று அவள் சொன்ன பிறகுதான் தையல் விழும். சரியில்லை என்றால் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்து, முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்பாள். பெரிய டாக்டருக்கு ஒரு காது மந்தம். முகமூடிக்குப் பின்னால் இருந்து யார் என்ன சொன்னாலும் "ம்ம்" என்று தலையாட்டிவிட்டுத் தைத்துக்கொண்டே போவார். அவருக்காகவே அவள் கண்டுபிடித்த சைகை அது. அந்தக் கை குறுக்கே போனால் எப்பேர்ப்பட்டவரும் ஊசியைக் கீழே வைத்தாக வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்கிற முதல் பாடமே, உறையை எண்ணாதே, உள்ளே இருப்பதைப் பிரித்து எண்ணு என்பதுதான். பத்து என்று அச்சடித்த உறைக்குள் ஒன்பதுதான் இருக்கும். அதை நம்பினவள் கதி அதோகதி.

வீட்டிலும் அவள் கை சும்மா இருக்காது. அடுப்பு அணைந்திருக்கிறதா, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா என்று ஒரு சுற்று வந்த பிறகே படுப்பாள். சுற்று வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் கணவன் திறந்ததை மூடமாட்டான், போட்டதை அணைக்கமாட்டான். பீரோ கதவு, ஜாம் பாட்டில், குளியலறை விளக்கு எதுவானாலும் அவனுக்குப் பின்னாலேயே போய் அவள்தான் சரிசெய்வாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் அவனைப் போல ஒழுங்கானவன் கிடையாது என்று கம்பெனியே சொல்லும். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் மெயின் ஸ்விட்சைப் பூட்டி, 'உள்ளே ஆள்' என்று தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவன் மாட்டிய அட்டையை அவன்தான் எடுக்கலாம், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. இதையெல்லாம் அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். அவளும் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். ஜாம் பாட்டிலை மூடத் தெரியாதவனின் வீரப் பிரதாபத்தை யார் உட்கார்ந்து கேட்பது?

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு வீடே ஆஸ்பத்திரி. கரடி பொம்மையின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை எடுப்பாள், அம்மாவை நர்ஸாக நிற்கச் சொல்லி எண்ண வைப்பாள். பஞ்சு ஒன்று குறைந்தால் அம்மா கையைக் குறுக்கே வைக்க வேண்டும், டாக்டர் சுண்டு உடனே கல்லாக உறைந்து நிற்பாள். அது அவளுக்கு ஒரு விளையாட்டு.

நாலாவது ஆள் கணவனின் அக்கா. நர்ஸ் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவதால் மற்ற நேரத்தில் தூங்கியே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்பார். படுத்தால் குறட்டை. அதுவும் சாதாரணக் குறட்டை இல்லை. முதலில் ஓர் இழுப்பு, நடுவில் ஒரு நிறுத்தம், கடைசியில் ஒரு விசில். தம்பிக்கும் அதே குறட்டைதான், ஒரு சுருதி கூடக் குறையாது. குடும்பச் சொத்து என்று ஏதாவது அந்த இருவருக்கும் பொதுவாக உண்டென்றால் அது இதுதான்.

முகாமில் மரங்களுக்கு நடுவே ஏழு கூடாரங்கள். அவர்களுடையது நாலாம் நம்பர். பொறுப்பாக இருந்த அம்மாள் ஐம்பதை ஒட்டியவர், கட்டையான உடம்பு, கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். வந்தவர்களைப் பெயர் கேட்கிற வழக்கமே அவரிடம் இல்லை, கூடார நம்பர்தான் பெயர். சுண்டு அவருக்கு விசிலம்மா என்று பெயர் வைத்தாள், அது மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

வந்த அன்றே விசிலம்மா எல்லாரையும் ஆற்றங்கரையில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். ஆறு அப்போது கணுக்கால் அளவுதான் இருந்தது. அக்கரைக்குப் போகத் தட்டையான கற்கள் வரிசையாகக் கிடந்தன. நர்ஸ் எண்ணிப் பார்த்தாள், பதின்மூன்று. அக்கரையில் பாறைகளுக்குள் கொஞ்சம் நடந்தால் ஓர் அருவி. ஆனால் ஆற்றுக்கு மேலே மின் நிலையம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே மதகைத் திறப்பார்கள். திறந்த இருபதாவது நிமிஷம் தண்ணீர் இங்கே வந்து சேரும். வந்துவிட்டால் இந்தப் பதின்மூன்று கல்லும் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடும்.

கரையில் ஒரு பலகை நட்டிருந்தது. அதில் ஆணிக்கு ஒன்றாக ஏழு தகடுகள், ஒரு முகம் நீலம், மறு முகம் சிவப்பு. யாராவது அக்கரைக்குப் போனால் தங்கள் கூடாரத்துத் தகட்டைச் சிவப்பாகத் திருப்ப வேண்டும். எல்லாரும் திரும்பி வந்ததும் நீலமாக்க வேண்டும். மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஏழும் நீலமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் விசிலம்மா மின் நிலையத்துக்குப் போன் போட்டு, கரை காலி என்பார். ஒரு சிவப்பு இருந்தாலும் அவர்கள் மதகைத் தொட மாட்டார்கள். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும், கல் வழுக்கும்.

"உங்க தகட்ட நீங்கதான் திருப்பணும். அடுத்தவங்க தகட்டுல கை வைக்கக் கூடாது" என்று முடித்தார் விசிலம்மா. கணவன் முகம் மலர்ந்துபோயிற்று. நம்ம அட்டை மாதிரியே இருக்கு பாத்தியா என்று மனைவியின் தோளை இடித்தான். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் தகட்டைத் திருப்பினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் அக்கரைக்குப் போய்விட்டு வந்தார்கள். நர்ஸ் போகவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை கரையிலேயே நின்று, தலை மூன்று இருக்கிறதா என்று பார்த்து எண்ணிய பிறகே கூடாரத்துக்கு வந்தாள். மத்தியானம் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் கணவன் காலை நீட்டிப் படுத்தான், அண்ணி ஏற்கெனவே படுத்தாகிவிட்டது. சுண்டு தூக்கம் வரவில்லை என்று முனகிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பாத்திரங்களையும் அழுக்குத் துணியையும் எடுத்துக்கொண்டு மேட்டில் இருந்த குளியலறைப் பக்கம் போனாள். அங்கே ஒரே ஒரு குழாய், அவளுக்கு முன்னால் இரண்டு கூடாரத்துக்காரர்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி மூன்று ஆகியிருந்தது.

வரும் வழியில் பலகை. போகும்போது கை நிறையச் சுமையோடு அதைக் கவனிக்காமல் போயிருந்தாள். ஆறு தகடுகள் நீலம். நாலாம் நம்பர் மட்டும் சிவப்பு.

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் போய்விட்டு வந்ததைத் திருப்ப மறந்திருக்கிறான். வேறென்ன? மூன்றரைக்கு அந்த அம்மாள் வந்து பார்த்து, விசில் ஊதி, ஊரைக் கூட்டி, நாலாம் நம்பர் எங்கே நாலாம் நம்பர் எங்கே என்று தேட, மானம் கப்பலேறும். ஆனாலும் அவள் உடனே கை வைத்துவிடவில்லை. பதினாறு வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா? முதலில் கூடாரத்தைப் போய்ப் பார்த்தாள். வாசல் ஜிப் மூடியிருந்தது. வெளியே மூன்று ஜோடிச் செருப்பு. கணவனுடைய பெரிய செருப்பு, அண்ணியுடைய குதிகால் செருப்பு, சுண்டுவின் மஞ்சள் செருப்பு. உள்ளேயிருந்து இழுப்பு, நிறுத்தம், விசில். திறந்தால் சுண்டு விழித்துக்கொள்வாள், அவளைத் தூங்கவைக்க என்ன பாடு பட்டானோ என்று ஜிப்பில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று ஜோடி. கணக்கு சரி. திரும்பிப் போய்த் தகட்டை நீலமாக்கிவிட்டு வந்தாள்.

வந்து கொடியில் துணியைப் போட்டாள். ஃபிளாஸ்க்கில் இருந்த காபியை ஊற்றிக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். தூரத்தில் விசிலம்மா பலகையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே தன் கொட்டகைக்குப் போவது தெரிந்தது. வந்த இரண்டு நாளில் முதல்முறையாக இந்த இடம் அவ்வளவு மோசமில்லை என்று அவளுக்குப் பட்டது. மர நிழல், தண்ணீர்ச் சத்தம், தூங்குகிற குடும்பம். ஒரு வாய் காபி அதிகமாகவே ருசித்தது.

அப்போது குறட்டை நின்றது. ஜிப் திறந்தது. அண்ணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வெளியே வந்தார், கொட்டாவி விட்டார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவங்க இன்னும் வரலையா?"

"யாரு அண்ணி?"

"தம்பியும் சுண்டுவும்தான். அருவிய இன்னொரு வாட்டி பாத்துட்டு மூன்றரைக்குள்ள வந்துடுறோம்னு போனாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னான். நான் கொஞ்சம் அசந்துட்டேன்."

அவள் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு போர்வை, ஒரு தலையணை, கரடி பொம்மை. வெளியே மூன்று ஜோடிச் செருப்பு. வெறுங்காலோடு போக வேண்டும் என்று விசிலம்மா சொன்னது அப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது. கையில் இருந்த காபி காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

கொட்டகைக்கு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. விசிலம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணிட்டீங்களா?"

"அப்பவே பண்ணியாச்சே. மூணு மணிக்கே ஏழும் நீலம். கரை காலின்னா அவங்களும் சீக்கிரமே திறந்துடுவாங்க. ஏன்?"

"எங்க வீட்டுக்காரரும் பொண்ணும் அந்தப் பக்கம் இருக்காங்க."

விசிலம்மாவின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது. மறு நொடி அவர் போனில் இருந்தார். மூடு, மூடு என்று இரண்டு முறை கத்தினார். மறுமுனை ஏதோ சொல்லிற்று. போனை வைத்துவிட்டு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பதினெட்டு. திறந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டதாம். இப்போது மூடினாலும் இதுவரை விட்ட தண்ணீர் வந்தே தீரும். அதை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது.

"உங்க வீட்டுக்காரர் தகட்ட திருப்பாமலே போயிட்டாரா?" என்று கேட்டார் விசிலம்மா, விசிலைக் கையில் எடுத்தபடியே.

 அவள் தலை ஆமாம் என்று எப்படியோ ஆடிவிட்டது.

இரண்டு பேரும் கரைக்கு ஓடினார்கள். ஆறு ஒன்றும் அறியாதது போலக் கணுக்கால் அளவில் கிடந்தது. பதின்மூன்று கல்லும் உலர்ந்து, வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தன. அக்கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. விசிலம்மா கன்னம் உப்ப விசில் ஊதினார். அருவிச் சத்தத்தில் அது இக்கரையைத் தாண்டியிருக்காது. நர்ஸ் கல்லில் கால் வைத்தாள். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், அருவி இதோ பக்கத்தில்தான். விசிலம்மா அவள் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"விடுங்க. எனக்கு நேரமிருக்கு."

"இருக்கா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க இறங்கினா மூணு பேரைத் தேடணும்."

அவள் நின்றாள்.  அவர்கள் வராமல் இருந்தால் போதும் என்று வேண்டினாள். அருவிக்குப் பக்கத்திலேயே மெய்மறந்து உட்கார்ந்திருக்கட்டும். அவன் நேரத்தை மறந்துவிடட்டும். ஆயுளில் எத்தனையோ தடவை நேரத்துக்கு வராமல் அவளை அழவைத்தவன், இன்றைக்கு ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாள் தாமதமாக வரட்டும்.

அவன் நேரத்துக்கு வந்தான். பாறைகளுக்கு நடுவிலிருந்து முதலில் சுண்டு, பின்னால் அவன். மூன்று இருபத்தைந்து. கரையில் மனைவியைப் பார்த்ததும் அவன் கையைத் தூக்கி மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பார், நேரத்துக்கு வந்துவிட்டேன் என்கிறான். அவன் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

சுண்டு முதல் கல்லில் குதித்தாள். இரண்டு, மூன்று. விசிலம்மா ஊதினார். நர்ஸ் தொண்டை கிழியக் கத்தினாள், போ போ என்று இரண்டு கைகளையும் வீசினாள். சுண்டுவும் பதிலுக்குக் கையை வீசினாள். அம்மா அவசரமாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தாவினாள். நாலு, ஐந்து. அவன் மூன்றாவது கல்லில் இருந்தான். மேலே, ஆறு வளைந்து வருகிற இடத்தில், தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. சருகும் குச்சிகளுமாக ஒரு பழுப்பு விளிம்பு, அவசரமே இல்லாதது போல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஆறாவது கல்லில் மகள். ஆற்றுக்கு நட்ட நடுவில்.

அவள் கத்துவதை நிறுத்தினாள். கைகளைக் கீழே போட்டாள். பிறகு நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, முஷ்டியை மடக்கி, மணிக்கட்டோடு மணிக்கட்டைக் குறுக்காக வைத்தாள். தியேட்டரில் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. இங்கே தூக்கினாள். குறுக்கே வைத்த கை பிரியாமல், எட்டுமட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கணக்கு சரியில்லை. நிறுத்து.

சுண்டு கல்லாக உறைந்தாள். ஒரு காலைத் தூக்கிய வாக்கில் அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை. சுண்டு சட்டென்று திரும்பினாள், அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் ஒரு வினாடி மனைவியைப் பார்த்தான், அடுத்த வினாடி மேலே வளைவைப் பார்த்தான். கல்லையெல்லாம் பார்க்கவில்லை, தண்ணீரில் இறங்கி ஓடிப் பிள்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே பாய்ந்தான். முழங்கால் அளவு வந்துவிட்டது. ஒரு முறை சறுக்கினான். விசிலம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவன் எழுந்தான், பாறையைப் பிடித்தான், முதலில் பிள்ளையை மேலே தள்ளினான், பிறகு தானும் ஏறினான்.

நர்ஸ் கையைக் கீழே இறக்கவில்லை. ஆறாவது கல் முங்கியது, பிறகு எல்லாக் கல்லும் முங்கின. பழுப்புத் தண்ணீர் இரு கரைக்கும் இடையில் நிரம்பி ஓடிற்று. அண்ணி பின்னால் வந்து, விடும்மா, ஏறிட்டாங்கம்மா, விடும்மா என்று சொல்லி அவள் கைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டார். அப்புறம்தான் அவள் கீழே உட்கார்ந்து அழுதாள்.

மதகை மூடிவிட்டதால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும் என்றார் விசிலம்மா. அவரே போய் நாலாம் நம்பர் தகட்டைச் சிவப்பாக்கிவிட்டு வந்தார். பிறகு கொட்டகையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துவந்து, கரையில் கல்மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதித் தர வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதைப் படித்தும் காட்டினார். நாலாம் நம்பர் கூடாரத்தின் குடும்பத் தலைவர் தகட்டைத் திருப்பாமல் குழந்தையோடு ஆற்றைக் கடந்தார். அவரை இனி இந்த முகாமில் அனுமதிக்க வேண்டியதில்லை.

"சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்" என்றார் அண்ணி. "பள்ளிக்கூடத்துக்குப் பையை மறந்துட்டுப் போனவன். இவ ஒருத்தி இல்லன்னா அவன் கதி என்னாகும்னு நான் நினைக்காத நாள் இல்ல."

 இப்போது சொல், இப்போதே சொல் என்று நர்ஸுக்குள் ஒரு குரல் பிடுங்கியெடுத்தது. வாய்வரை வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. பதினாறு வருஷத்தில் அவள் எண்ணிக்கை ஒருமுறை தப்பியதில்லை. தப்பியது என்று தன் வாயால் சொன்னதுமில்லை. அக்கரையில் அவனும் சுண்டுவும் பாறைமேல் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் தன் ஈரச் சட்டையைப் பிழிந்து பிள்ளையின் தலையைத் துவட்டினான். நடு நடுவே இந்தப் பக்கம் பார்த்து, உள்ளங்கையை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் திருப்பிக் காட்டினான். என்ன சொல்கிறான் என்று அண்ணிக்குப் புரியவில்லை, தண்ணி எப்ப வடியும்னு கேக்கறான் போல என்றார். நர்ஸுக்குப் புரிந்தது. திருப்பினேனே, நான் திருப்பினேனே என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவன் அதையும் நிறுத்திவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்குக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விசிலம்மாவே அக்கரைக்குப் போய்ச் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். நர்ஸ் மகளை வாங்கி, தலை, கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கணவன் கரையேறி நின்றான். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கும்போது வந்து நிற்பானே, அதே முகம்.

விசிலம்மா நோட்டையும் பேனாவையும் நீட்டினார். அவன் படித்தான்.

"திருப்பிட்டுத்தான் போனேன்னு நினைச்சேங்க" என்றான். "சிவப்பப் பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா இவ்வளவு நேரம் உக்காந்து யோசிச்சேன், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வேலையில நான் ஒரு நாளும் மறந்ததில்ல. வீட்டுல மறக்காத நாளில்ல. இங்கயும் மறந்திருப்பேன்." மனைவி பக்கம் திரும்பினான். "மன்னிச்சுடும்மா. புள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தான்.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மறக்கல. சிவப்பாத்தான் இருந்துச்சு. நான்தான் நீலமாக்கினேன்."

 விசிலம்மா அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி, என்னம்மா சொல்ற என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். காலையில் போனதைத் திருப்ப மறந்துவிட்டான் என்று நினைத்ததையும், அந்த அம்மாள் கேட்டபோது தலையாட்டியதையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.  நோட்டில் இருப்பதை அடித்துவிட்டுத் தன் தப்பு என்று எழுதச் சொன்னாள், கையெழுத்தும் தானே போடுவதாகச் சொன்னாள். விசிலம்மா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதியதை அடித்தார்.

கணவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வேலையில ஒருத்தன் மாட்டின அட்டையை இன்னொருத்தன் எடுத்தா, அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டோம்" என்றான் மெதுவாக.

"தெரியும். எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கீங்க. நான் காதுல வாங்கினதில்ல."

சுண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் பேசியது அவளுக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் தான்தான் முதலில் அம்மாவின் கையைப் பார்த்தது, தான்தான் அப்பாவை நிறுத்தியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, கணக்கு சரியில்லன்னு காட்டினியே. எதை எண்ணினே?"



"செருப்பை எண்ணினேன்டி. உங்களை எண்ணல."

சுண்டு அதைப் பற்றி யோசித்தாள். தியேட்டர் விளையாட்டில் அப்படி ஒரு தப்பு இதுவரை வந்ததில்லை.

இருட்டுவதற்கு முன் தகட்டைத் திருப்பிவிடச் சொன்னார் விசிலம்மா. கணவன் நொண்டிக்கொண்டே பலகைக்குப் போனான். நாலாம் நம்பர் தகட்டைப் பிடித்தவன் திருப்பவில்லை. திரும்பி, முதலில் அக்காவை, பிறகு மகளை, பிறகு மனைவியைப் பார்த்தான். திருப்பலாமா என்று கேட்பது போல அவள் முகத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் மகளை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். உங்க தகடு, நீங்களே திருப்புங்க என்றாள். அவன் திருப்பினான். சரியாக மாட்டாமல் அது ஆணியில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கூடாரத்தை நோக்கி நடந்தாள்.